பாகூர் ஏரி மண்: வெயிலுக்கு ஏற்ற ஹைட்ரோமீட்டர் கணக்கு

புதுச்சேரி பாகூர் ஏரி மண்ணில் மணல், சில்ட் (மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துகள்), களி எவ்வளவு என்று ஹைட்ரோமீட்டரில், அதாவது மண் கரைசலில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் கருவியில், அளந்து வருகிறேன். ரீடிங் ஒருவழியாக நிலைத்துவிட்டது. ஒரே மண்ணை மூன்று சிலிண்டரில் போட்டாலும் இப்போது ஒரு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வருவதில்லை. பங்காரு வாய்க்கால் ஏரியில் வந்து சேரும் முனையில் ஒரு மாதிரி, மதகுக்கு அருகில் தண்ணீர் கடைசியாக வற்றும் பள்ளத்தில் ஒரு மாதிரி. இரண்டும் மேல் 15 செ.மீ. மண், 2 மி.மீ. சல்லடையில் சலித்தது. பள்ளத்து மண்ணில் மக்கு அதிகம். அதற்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, நுரை அடங்கும்வரை வைத்துக் கழுவ வேண்டியிருந்தது.

துகள்களைப் பிரிப்பதற்குச் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்தான். ‘கால்கான்’ என்று பழைய கையேடுகளில் எழுதியிருப்பதைப் பார்த்து, இன்று அதே பெயரில் விற்கும் வாஷிங் மெஷின் பவுடரை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. லேப் கெமிக்கல் கடையில் அரை கிலோ டப்பாவாகக் கேட்டு வாங்குங்கள். ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும், மூடியை இறுக்கி வையுங்கள். 40 கிராம் இதுவும் 10 கிராம் சோடியம் கார்பனேட்டும் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் களியை மறுபடி திரட்டிவிடும். கரைசலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் வீரியம் போய்விடும்.

களிமண்ணுக்கு 50 கிராம், மணல் மண்ணுக்கு 100 கிராம், இரண்டுமே அடுப்பில் 105 டிகிரியில் உலர்ந்த எடை. நம் ஊர் வெயிலில் காய்ந்த களியிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அதை அப்படியே எடை போட்டால் களி, சில்ட் சதவீதம் குறைந்து, மீதியாகக் கணக்கிடும் மணல் கூடிவிடும். 100 மி.லி. கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, மிக்ஸரில் 5 நிமிடம் அடித்து, 1 லிட்டர் சிலிண்டரில் நிரப்ப வேண்டும்.

இனிதான் விஷயம். கையேடுகளில் உள்ள நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. புதுச்சேரியில் சிலிண்டர் தண்ணீர் சாதாரணமாகவே 30 டிகிரியில் நிற்கிறது. சூடு இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, தண்ணீரின் அடர்த்தி குறைவதால் ஹைட்ரோமீட்டர் ஆழமாக இறங்கி, 20-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.36 கோடு (ஒரு கோடு என்பது லிட்டருக்கு ஒரு கிராம் மண்) குறைத்துக் காட்டும். இரண்டாவது, பிசுக்கு குறைவதால் துகள் வேகமாகப் படியும். முதலாவதற்கு மண் போடாத கரைசல் சிலிண்டர் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து, அதன் ரீடிங்கைக் கழித்தால் போதும். பலர் அதையும் கழித்து 0.36 திருத்தத்தையும் கூட்டுகிறார்கள். 30 டிகிரியில் அதனால் 3.6 கோடு கூடுதலாக வரும். 50 கிராம் மண்ணில் அது 7 சதவீதக் களி! மண்ணின் பெயரே மாறிப்போகும்.

இரண்டாவதை நேரத்தில்தான் சரிசெய்ய முடியும். மண் சோதனைக்கான 152எச் மாடல் ஹைட்ரோமீட்டரில் ரீடிங் 20-ஐ ஒட்டி இருந்தால், களித் துகளின் எல்லையான 2 மைக்ரானை (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடப் பெரியவை படிந்து முடிய 20 டிகிரியில் சுமார் 10 மணி நேரம் ஆகும். 30 டிகிரியில் 8 மணி நேரம். பரவலாகச் சொல்லப்படும் 2 மணி நேர ரீடிங்கில் 30 டிகிரியில்கூட 4 மைக்ரான் வரைக்குமான துகள் மிதந்துகொண்டிருக்கும், நுண்ணிய சில்ட் எல்லாம் களிக் கணக்கில் ஏறிவிடும். மணல் படிந்ததும் எடுக்கும் 40 விநாடி ரீடிங்கில் இந்தச் சிக்கல் சிறிது. அங்கே ஒரு சொட்டு அமைல் ஆல்கஹால் விட்டு நுரையை அடக்குவதும், கருவியை ஒட்டி மேலேறும் நீர்வளைவின் மேல் விளிம்பைப் படிப்பதும்தான் முக்கியம். முதல் ரீடிங் எடுத்ததும் கருவியை வெளியே எடுத்துக் கழுவி விடுங்கள். உள்ளேயே விட்டால் அதன் தோளில் களி உட்கார்ந்து கனக்கும். ஜன்னல் வெயிலும் ஃபேன் காற்றும் படாமல், சிலிண்டர்களை ஒரே வாளித் தண்ணீரில் நிறுத்தினால் உள்ளே சுழற்சி வராது.

கணக்கு இதோ. வாய்க்கால் முனை: மணல் 66, சில்ட் 18, களி 16 சதவீதம். சாண்டி லோம், அதாவது மணல் மிகுந்த கலப்பு மண். மதகுப் பள்ளம்: மணல் 16, சில்ட் 30, களி 54. வகைப்படி களிமண். வாய்க்கால் வேகம் ஏரிக்குள் வந்ததும் தளர, கனத்த மணல் முனையிலேயே விழுந்துவிடுகிறது. நுண்துகள் மட்டும் தேங்கிய நீர் வரை போய்ப் படிகிறது.

ஏரியின் உயிர்வாழ்க்கை இந்த வரிசைப்படிதான் அமைகிறது. களிப் படுகைதான் தண்ணீர் கீழே இறங்காமல் தாங்குகிறது, பாஸ்பரஸையும் பிடித்து வைக்கிறது. நத்தைகுத்தி நாரைக்குத் தேவையான நத்தையும், கோடையில் புதைந்து கிடக்கும் விராலும் சேற்றை நம்பியவை. பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை தோண்டக் கேட்பது சாண்டி லோம் கரை. வெறும் மணல் சரியும், காய்ந்த களியில் அலகு இறங்காது. வயலுக்கு வண்டல் எடுப்பது நல்லதுதான், மணல் நிலத்தில் ஈரம் நிற்கும். ஆனால் களி அடுக்கைத் தாண்டி மணல் தட்டும்வரை ஆழமாக வெட்டினால் ஏரி ஒழுக ஆரம்பிக்கும். எடுக்கும் முன் ஆகரால் (கையால் திருகித் துளைக்கும் கருவி) ஒரு குழி போட்டுக் களி எத்தனை அடி என்று பார்ப்பது பெரிய வேலையே இல்லை.

மணலை நேரடியாகச் சலித்துச் சரிபார்க்க 53 மைக்ரான் சல்லடை இன்னும் கைக்கு வரவில்லை. பித்தளைச் சட்டம் வைத்ததற்குக் கேட்கும் விலை அநியாயம். ஸ்டீல் வலையை மட்டும் வாங்கி பி.வி.சி. குழாயில் ஒட்டிப் பார்க்கலாம். அதற்குள் பரங்கிப்பேட்டைப் பக்கத்து உப்பங்கழி மண்ணையும் தொடங்க எண்ணம். அங்கே உப்பே களியைத் திரட்டி வைத்திருக்கும், எனவே இ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்தலை வைத்து உப்பைக் காட்டும் கருவி) ரீடிங் இறங்கும்வரை காய்ச்சி வடித்த நீரில் கழுவிக் கழுவித்தான் கரைசலில் போடவேண்டும்.