910 டாலருக்குக் கைமாறிய பாட்டு

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம், யூனியன் அவென்யூவில் 706ஆம் எண் சன் ஸ்டுடியோ. வாசலில் பெரிய கிதார் ஒன்று தொங்குகிறது, இல்லையென்றால் யாரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற சின்னக் கட்டடம்தான். உள்ளே எல்விஸ் நின்று பாடியதாகச் சொல்லி தரையில் ஒரு எக்ஸ் குறி போட்டிருக்கிறார்கள். அதில் காலை வைத்துப் படம் எடுக்க வரிசை. நான் அந்த வரிசையில் நிற்கவில்லை, இங்கே 'ராக்கெட் 88' பாட்டைப் பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனுக்காகப் போயிருந்தேன்.

1951 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் ஊரிலிருந்து ஐக் டர்னர் தன் இசைக்குழுவோடு காரில் இங்கே வந்தார். வழியில் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு அடிபட்டுவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. ஸ்டுடியோ நடத்திய சாம் ஃபிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசிக்கச் சொன்னார். கரகரவென்று வந்த ஓசை அவருக்குப் பிடித்துப்போக, அப்படியே பதிவு செய்துவிட்டார். ஓல்ட்ஸ்மொபைல் காரைப் பற்றிய அந்தப் பாட்டு, 'ராக்கெட் 88'. ஐக் பியானோ. பாடியவர், குழுவில் சாக்ஸ் (சாக்ஸஃபோன்) வாசித்துக்கொண்டிருந்த ஜாக்கி.

சிகாகோவின் செஸ் ரெக்கார்டு நிறுவனம் அதை வெளியிட்டபோது லேபிளில் 'ஜாக்கி பிரென்ஸ்டன் அண்ட் ஹிஸ் டெல்டா கேட்ஸ்' என்று போட்டுவிட்டார்கள். டெல்டா கேட்ஸ் என்று ஒரு குழுவே கிடையாது! குழுத் தலைவர் ஐக்குக்கு வயிறு எரியாமல் இருக்குமா? ஜூனில் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் பாட்டு முதலிடம். ராக் அண்ட் ரோலின் முதல் ரெக்கார்டு இதுதான் என்று இன்றும் பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம், அந்தக் கிதார் உறுமல் போதும்.

ஜாக்கி பாட்டின் மேல் தனக்கிருந்த உரிமையை 910 டாலருக்கு விற்றுவிட்டார். தனிக் குழு ஆரம்பித்தார், அடுத்த ரெக்கார்டுகள் எதுவும் எடுபடவில்லை. சில வருடம் கழித்து அதே ஐக்கிடம் சாக்ஸ் வாசிக்கத் திரும்பிப் போனார். மேடையில் இந்தப் பாட்டை மட்டும் ஐக் பாட விடவில்லை என்கிறார்கள். அப்புறம் குடி, லாரி ஓட்டும் வேலை. 1979 டிசம்பரில் இதே மெம்பிஸில் இறந்தார். சாம் ஃபிலிப்ஸோ இந்த வெற்றி தந்த தைரியத்தில் 1952இல் சன் ரெக்கார்ட்ஸைத் தொடங்கி, எங்கேயோ போய்விட்டார்.

மறுநாள் வாடகைக் காரில் நெடுஞ்சாலை 61 பிடித்துக் கிளார்க்ஸ்டேல் கிளம்பினேன். சுமார் 120 கிலோமீட்டர், மிசிசிப்பி டெல்டாவின் தட்டை நிலம், அவர்கள் ஆம்ப்ளிஃபயரை ஏற்றிக்கொண்டு வந்த பாதையில் எதிர்த் திசையில். பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை, போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை ஓடவிட்டேன் என்று எண்ணவில்லை. ஐக் தங்கியிருந்த ரிவர்சைடு ஹோட்டல் முன்னால் வண்டியை நிறுத்தியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. சாக்ஸ் முழங்கி முடிகிறவரை எஞ்சினை அணைக்க மனசு வரவில்லை.