வாடகை ஏறியபோது: ஒரு கோ-ஒர்க்கிங் இடத்தின் கணக்கு

பலர் மேசைக்குக் கட்டணம் கட்டி ஒரே அலுவலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் கோ-ஒர்க்கிங் இடம் ஒன்றை வாடகைக் கட்டடத்தில் நடத்துகிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றிக் கேட்டார். அதே வாரத்தில் ஒரு நிறுவனம் வந்து, பாதிக்கு மேல் இருக்கைகளை ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்றது. சரி என்று தலையாட்டியிருந்தால் வாடகைக் கவலை அன்றோடு தீர்ந்திருக்கும்.

நான் யோசித்தது வேறு. இந்தத் தொழிலில் நாம் வருடக்கணக்குக்குக் கையெழுத்துப் போடுகிறோம். உறுப்பினரோ மாதக் கடைசியில் கிளம்பிவிடலாம். இதே தொழிலில் உலகப் பெரு நிறுவனமான வீவொர்க் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்கு நீண்டகால வாடகைச் சுமையும் பெரிய காரணம். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்? பாதி இடத்தை ஒரே ஆளிடம் கொடுத்தால், மற்றவர்கள் யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் ஒண்டியிருப்பதாக நினைத்து ஒவ்வொருவராக நழுவுவார்கள். வருட முடிவில் அந்த நிறுவனமும் போய்விட்டால் மிஞ்சுவது காலி மேசைகள்தான். கால்வாசி இருக்கைதான் தர முடியும், கண்ணாடித் தடுப்பு போட்டுத் தனியாகப் பிரிக்கக் கூடாது என்றேன். முணுமுணுத்தார்கள், அப்புறம் ஒப்புக்கொண்டார்கள்.

மீதித் தொகைக்கு உறுப்பினர்களைத்தான் கேட்க வேண்டும். கட்டணம் உயர்கிறது என்று மொட்டையாக மின்னஞ்சல் அனுப்ப மனம் வரவில்லை. வாடகை, மின்சாரம், இணையம், துப்புரவு, என் சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பொது மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூலையில் உட்காரும் வடிவமைப்பாளர் கேட்டார்: “மீட்டிங் ரூமை ஏன் சும்மா கொடுக்கிறீங்க? நான் மாசத்துல ஒருநாள்கூட அதுக்குள்ள போறதில்லையே.” அதை ஓயாமல் பிடித்து வைத்திருப்பவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு அங்கேயே பிறந்தது. ஒவ்வொருவருக்கும் மாதம் சில மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம், வெளியாட்களுக்கு முழு வாடகை. மேசைக் கட்டணத்தில் சிறிய உயர்வோடு தப்பித்தோம். இதை நானே உட்கார்ந்து எழுதி ஒட்டியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. டே பாஸில், அதாவது அன்றன்றைக்கு ஒருநாள் கட்டணம் கட்டி, மட்டும் வரும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். வருமானக் கணக்கில் கடைசி வரிசை. ஆனால் புதிதாக வருபவரை நாலு பேரிடம் அறிமுகப்படுத்தி வைப்பது அவர்தான். அவருக்கு இருக்கையை இலவசமாகக் கொடுத்து, பதிலுக்கு வரவேற்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்டமாற்றில் போனால் வேலை சரியில்லை என்று நானும் சொல்ல முடியாது, இணையம் மெதுவாக இருக்கிறது என்று அவரும் சொல்ல முடியாது. அதனால் அறிமுக வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறேன், டே பாஸுக்கு அவர் பணம் கட்டுகிறார்.

கட்டணம் கட்டுப்படியாகாமல் சிலர் விலகினார்கள். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்பவர் முதல் கோ-ஒர்க்கிங் இடத்தைத் திறந்தபோது தொடக்க வாரங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். கட்டட உரிமையாளரிடம் அந்தத் தாளையே காட்டிப் பேசியதில், உயர்வை ஒரேயடியாகக் கேட்காமல் படிப்படியாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.