நாய், பூனை வேண்டாம், பேருந்தில் ஏறுங்கள்

நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும், இரண்டும் விலங்கு. முதலாண்டு ஜாவா நிரலாக்க வகுப்பில் இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ், அதாவது ஒரே வகைப் பொருள்களின் வார்ப்பு, இன்னொன்றின் தன்மைகளைப் பெறுவது) இதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மேம்பட்ட பாடத்துக்கு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு சப்கிளாஸ் (அப்படிப் பெறும் சேய்கிளாஸ்) எழுதத் தெரியும், எப்போது எழுதக் கூடாது என்பது தெரியாது. நாய் ஒருநாளும் பூனையாகாது; அதனால் அந்த உதாரணம் உடைவதே இல்லை. உடையாததை வைத்துக்கொண்டு மேலே என்னத்தைச் சொல்லித்தருவது?

மொரிஷியஸில் உடைகிற உதாரணம் தெருவிலேயே ஓடுகிறது. 2005 முதல் மாணவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பேருந்தில் இலவசப் பயணம். ‘பயணி’ என்று ஒரு கிளாஸ், அதில் ‘கட்டணம்’ என்று ஒரு மெத்தட் (கிளாஸ் செய்யும் வேலை), கீழே மாணவர், முதியவர், மாற்றுத்திறனாளி, ஊழியர் என்று நான்கு சப்கிளாஸ். கால்மணி நேரத்தில் எல்லோரும் எழுதிவிடுவார்கள், ஓடவும் ஓடும். அப்புறம், பட்டம் படிக்கப் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயிக்குப் போகும் 62 வயதுக்காரர் ஒருவரை ஏற்றுங்கள். மாணவரா, முதியவரா? இரண்டுக்கும் கட்டணம் பூஜ்யம் என்பதால் பிழை ஒளிந்துகொள்ளும். வகைவாரியாகத் தலை எண்ணி மாத அறிக்கை கேட்டால்தான் வெளியே வரும். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு இரண்டு தாய்கிளாஸ் கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளை ‘முதியமாணவர்’ என்று ஐந்தாவது ஒன்றை எழுதும். தடுக்காதீர்கள். மாணவர், முதியவர், மாற்றுத்திறனாளி என்ற மூன்று தன்மைகளையும் உண்டு, இல்லை என்று கலந்தால் 8 கிளாஸ் என்று பலகையில் எண்ணும்போது தானே நிறுத்திக்கொள்ளும்.

அடுத்த அடிதான் ஆழமானது. ஒரு மாணவி படிப்பை முடித்து எபேன் சைபர்சிட்டியில் வேலைக்குச் சேர்கிறாள். ஜாவா ஆப்ஜெக்ட் (கிளாஸிலிருந்து உண்டாக்கும் தனி உருப்படி) எந்தக் கிளாஸில் பிறந்ததோ அதிலேயேதான் கடைசிவரை இருக்கும். ஆகவே புதிய ‘ஊழியர்’ ஒன்றை உண்டாக்கி, பெயரையும் பயண அட்டையின் பண இருப்பையும் அதற்குள் நகலெடுப்பார்கள். இதற்காகவே அந்த மாணவியின் ஆப்ஜெக்டைப் பதிவேட்டிலும் அன்றைய பயணப் பட்டியலிலும் முன்கூட்டியே போட்டு வைத்திருங்கள். பதிவேட்டில் மட்டும் மாற்றுவார்கள். பட்டியலில் பழைய மாணவி இலவசமாகப் போய்க்கொண்டே இருப்பாள். இரண்டு இடத்திலும் ஐடென்டிட்டி ஹாஷ்கோடை (ஆப்ஜெக்டின் அடையாள எண்ணை) அச்சிடச் சொல்லுங்கள், அநேகமாக வெவ்வேறு எண் வரும்.

இந்த இடத்தில் ‘கட்டணவிதி’ என்ற இன்டர்ஃபேஸை (என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தத்தை) அறிமுகம் செய்யலாம். பயணி ஒரே கிளாஸ், விதி அதற்குள் ஒரு ஃபீல்டு (மதிப்பை வைக்கும் இடம்). வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த ஃபீல்டை மாற்ற ஒரு வரி போதும். இந்த அமைப்புக்கு ஸ்ட்ராட்டஜி என்ற பெயர் இருப்பதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் அதன் வரைபடத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். விதியைப் பிரித்த பிறகும் பலர் பயணிக்குள் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (எந்தக் கிளாஸ் என்று கேட்கும் சோதனை) வைத்து இஃப் வரிசை எழுதுவார்கள். ‘புதிய சலுகை வந்தால் எந்தக் கோப்பைத் திறப்பாய்?’ என்று கேளுங்கள். பயணியின் கோப்பு பதிலில் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் வகைகள் மாறாமல், அவற்றின் மேல் செய்யும் வேலைகள் மட்டும் பெருகுமானால், ஜாவா 17-இல் வந்த சீல்டு இன்டர்ஃபேஸும் (சேய்களின் பட்டியலை மூடிவைப்பது) வகைபார்த்துப் பிரியும் ஜாவா 21-இன் ஸ்விட்சுமே மேல். ஸ்விட்சைக் கண்டாலே முகம் சுளிக்கப் பழக்குவது தவறு.

இங்கே பிள்ளைகள் பாதிப் பாடத்தைப் பிரெஞ்சுக் காணொளிகளில் படிக்கிறார்கள். அதில் இன்ஹெரிட்டன்ஸுக்குப் பெயர் ‘எரித்தாஜ்’, அதாவது அப்பன் சொத்து. சும்மா வருகிறதே என்று கை நீட்டிவிடுகிறார்கள். அது சொத்தல்ல, வாக்குறுதி: தாய்கிளாஸ் நிற்கும் இடத்தில் சேயை நிறுத்தினால் நடத்தை கெடக் கூடாது என்று கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் சொன்னார். ஜாவாவின் ஸ்டாக்கே (மேலே வைத்து மேலேயே எடுக்கவேண்டிய அடுக்கு) இதற்குச் சாட்சி. எங்கும் செருகக்கூடிய பட்டியலான வெக்டரின் சேய் என்பதால் அடுக்கின் நடுவில் ஒன்றைச் செருகலாம்!

சொத்தாசைக்கு மருந்து ஹாஷ்செட் (ஒன்றையே இருமுறை வைக்காத தொகுப்பு) சோதனை. எத்தனை சேர்த்தோம் என்று எண்ணும் அதன் சப்கிளாஸ்: ஒன்றைச் சேர்க்கும் ‘ஆட்’ 1 கூட்டும், பட்டியலாகச் சேர்க்கும் ‘ஆட்ஆல்’ வந்த பட்டியலின் அளவைக் கூட்டிவிட்டு சூப்பரை, அதாவது தாயின் ஆட்ஆலை, அழைக்கும். ஆட்ஆல் வழியாக மூன்று பெயர்களைக் கொடுத்தால் எண்ணிக்கை என்ன? ஓட்டுமுன் தாளில் எழுதி வாங்குங்கள். அநேகமாக எல்லாத் தாளிலும் 3 இருக்கும், திரையில் 6 வரும். தாயின் ஆட்ஆல் உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஆட்-ஐ அழைக்கிறது. அந்த அழைப்பு சேயின் ஆட்-இல் போய் விழுகிறது. அங்கே பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடம்) வைத்து அழைப்பு அடுக்கைக் காட்டினால் பேச்சே வேண்டாம். ஹாஷ்செட்டை நீட்டாமல் உள்ளே ஃபீல்டாக வைத்தால் 3 வரும்.

பிரெஞ்சு இன்னொரு குழப்பமும் தருகிறது. ‘சுர்ஷார்ஜ்’ ஓவர்லோடிங் (அதே பெயரில், வேறு வகையை வாங்கும் இன்னொரு மெத்தட்), ‘ரெதெஃபினிசியோன்’ ஓவர்ரைடிங் (தாயின் மெத்தடைச் சேய் மாற்றி எழுதுவது). இரண்டும் கிரியோல் பேச்சில் கலந்துவிடுகின்றன. இரண்டும் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடை, ஆப்ஜெக்ட் வகையை வாங்காமல் பயணி வகையை வாங்கி எழுதினால் அது ஓவர்லோடு. நேரடியாக ஒப்பிட்டால் சரியாக வரும்; பட்டியலில் ஆள் உண்டா என்று கன்டெய்ன்ஸ் வழியாகக் கேட்டால் ‘இல்லை’ என்று வரும். மெத்தடின் மேல் ஓவர்ரைட் குறிப்பைக் கட்டாயமாக்கினால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே பிடித்துவிடும். தேடலுக்கு எண் தரும் ஹாஷ்கோடையும் கூடவே எழுதவேண்டும், அதில் அட்டை இருப்பைச் சேர்க்கக் கூடாது. ஹாஷ்செட்டில் போட்டபின் இருப்பு மாறினால் ஆள் உள்ளேயே இருந்தும் தேடினால் அகப்படமாட்டார்.

தேர்வில் ‘பாலிமார்ஃபிசம் என்றால் என்ன’ என்று கேட்பது மதிப்பெண்ணை வாரி வழங்கும் வழி. ஓடுகிற 200 வரி நிரலையும் ஒரு மாற்றக் கோரிக்கையையும் கொடுங்கள்: பள்ளி விடுமுறையில் மாணவர் சலுகை நிற்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிட்டில் (மாற்றங்களைப் பதியும் மென்பொருளில்) ஒரு கமிட், அதாவது பதிவு. இரண்டின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்பைத் திறந்தால் எத்தனை பழைய கோப்புகளில் கை வைத்தார்கள் என்று தெரியும். ஒன்றுக்கு மேல் போனால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், காரணத்தை அந்த வரியின் பக்கத்திலேயே எழுதுங்கள்.