படகுக்கு ஒரு பங்கு: பி.காம்., பி.எட். நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

கூட்டாண்மைப் பாடத்தை, அதாவது சிலர் சேர்ந்து தொழில் நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் கணக்கை, என் கையில் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் மூன்றாவது பாடம். கற்பித்தல் பயிற்சிக்காக நான் வந்திருப்பது கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளி, தமிழ்வழி வணிகவியல் பிரிவு. "நீ நடத்தும்மா, நான் கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன்" என்றார் வழிகாட்டி ஆசிரியை.

என்ன படிப்பு இது என்று பலர் கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பி.காம்., பி.எட். இரண்டும் சேர்ந்த நான்கு ஆண்டுப் படிப்பு, எட்டு செமஸ்டர். தனித்தனியாகப் படித்தால் மூன்றும் இரண்டும் ஐந்து ஆண்டு ஆகும். இதற்கான விதிமுறையைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2021-இல் வெளியிட்டது. பி.ஏ., பி.எஸ்ஸி.யோடும் இதேபோல் பி.எட். உண்டு. காலையில் நிறுமச் சட்டம், மதியம் கல்வி உளவியல் என்று எங்கள் அட்டவணை ஓடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு படிப்பை ஒட்டவைத்த மாதிரி வெளியிலிருந்து தெரியலாம். உள்ளே இருப்பவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று இந்த வாரங்களில் எழுதிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரவு முழுக்க லெசன் பிளான். கற்றல் விளைவுகள், முன்னறிவு, துணைக்கருவி, மதிப்பீட்டு வினாக்கள் என்று எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

கூட்டாண்மை ஒப்பாவணம், அதாவது கூட்டாளிகளுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம், இல்லாமல் தொழில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பகுதி. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அதற்கு நேராகப் பதில் சொல்கிறது. லாபமோ நட்டமோ சமமாகப் பிரியும். யாருக்கும் ஊதியம் கிடையாது, முதல் மீது, அதாவது தொழிலில் போட்ட பணத்தின் மீது, வட்டி கிடையாது. கூட்டாளி ஒருவர் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 6% வட்டி.

எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு பையன் எழுந்து நிற்கிறான். "ஆறு பர்சென்ட்டா மிஸ்? மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு."

வகுப்பே சலசலத்தது. அவர்கள் வீட்டில் வட்டி என்றாலே மாதக் கணக்குதான். நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு மூன்று. சரி, 50,000 ரூபாய்க் கடன் என்று வைத்துக்கொள்வோம் என்று பலகையை இரண்டாகப் பிரித்தேன். சட்டப்படி ஆண்டுக்கு 3,000. நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. அதாவது 36%. ஒரு மாணவியின் மாமா விசைப்படகு வைத்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். "அந்த ரெண்டு மாசமும் வட்டி நிக்காது மிஸ்" என்றாள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் சட்டமே வந்திருக்கிறது என்று சொன்னேன். சட்டத்தின் பேரைக் குறித்துக்கொண்டார்கள். தேர்வுக்கு வராத ஒன்றை யாரும் சொல்லாமலே குறிப்பெடுப்பதை இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றைய வகுப்பை விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

நேற்று வட்டியைப் பற்றிக் கேட்ட பையன் இன்றைக்கும் ஆரம்பித்தான். "எங்க போட்ல சமமாப் பிரிக்க மாட்டாங்க மிஸ்."

"எப்படிப் பிரிப்பாங்க? இங்க வந்து எழுது."

சாக்பீஸை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் அப்பாவுடையது ஃபைபர் படகு, மூன்று பேர் கடலுக்குப் போகிறார்கள். ஒரு நாள் மீன் 18,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொண்டான். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,000 கழித்தான். மீதி 12,000. அதைப் பங்கு போட்டான்: படகுக்கும் இன்ஜினுக்கும் இரண்டு, வலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று வீதம் மூன்று. ஆக ஆறு பங்கு, பங்கு 2,000. படகு, இன்ஜின், வலை மூன்றும் அப்பாவுடையவை, அவரும் கடலுக்குப் போகிறார். அதனால் அவருக்கு 8,000. மற்ற இருவருக்கும் ஆளுக்கு 2,000.

பாடப்புத்தகத்தில் முதல் மீது வட்டி, கூட்டாளி ஊதியம், லாபப் பங்கு என்று மூன்று தலைப்பில் வருவதைத்தான் அவன் ஒரே மூச்சில் எழுதியிருந்தான். படகுக்கும் வலைக்கும் போகிற பங்கு போட்ட முதலுக்கான பலன், ஆள் பங்கு உழைப்புக்கான பலன். பக்கத்திலேயே இலாப நட்டப் பகிர்வுக் கணக்கு ஒன்றை வரைந்து, இந்த 12,000 அதில் எந்தெந்த வரியில் உட்காரும் என்று வகுப்பையே கேட்டேன். தப்பும் சரியுமாகப் பதில் வந்தது, ஆனால் வாய் திறக்காத ஆள் இல்லை.

அப்புறம் முதல் வரிசையில் ஒரு பெண் கேட்டாள். "மீனே கிடைக்கலன்னா?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "டீசல் காசு அப்பா தலையிலதான். அடுத்த தடவை வர்ற காசுல கழிச்சுப்பாங்க."

"அப்ப மத்த ரெண்டு பேரும் கூட்டாளியா, வேலைக்கு வந்தவங்களா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட ஆரம்பித்தது. மணி அடித்துவிட்டது. பதிலை நானே சொல்லி முடித்துவைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "வீட்ல கேட்டுட்டு வாங்க, பேசலாம்."

பி.எட். வகுப்பில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்தோம். ஆறு நிமிடம் நடத்துவது, ஆறு நிமிடம் கருத்துக் கேட்பது, பன்னிரண்டு நிமிடத்தில் மாற்றி எழுதுவது, திரும்ப ஆறு, திரும்ப ஆறு, ஆக 36 நிமிடம். அதில் துருவிக் கேட்பது என்று ஒரு திறன் உண்டு. ஒரு பதில் வந்ததும் அங்கேயே நிற்காமல், ஏன், அப்படி இல்லையென்றால், வேறு எங்கே என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். இன்றைக்கு அந்தக் கேள்விகளைக் கேட்டது நான் இல்லை, அந்தப் பெண்.

ஆகஸ்ட் 9, சனி

புதுச்சேரியில் கல்லூரி. வணிகச் சட்டம் எடுக்கும் பேராசிரியரிடம் படகுக் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "கூட்டாண்மைச் சட்டத்துல பிரிவு 4, பிரிவு 6 ரெண்டையும் சேர்த்துப் படிம்மா" என்றார். லாபத்தில் பங்கு வாங்குகிறார் என்பதற்காக மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிடுவதில்லை. வேலைக்காரருக்குக் கூலிக்குப் பதில் லாபப் பங்கு கொடுப்பதும் நடக்கும். ஒருவர் செய்வது மற்றவரையும் கட்டுப்படுத்துகிறதா, எல்லாருக்காகவும் ஒருவர் தொழிலை நடத்துகிறாரா என்று அவர்களுக்குள் இருக்கும் உண்மையான உறவை மொத்தமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த அறையில் கற்பித்தல் முறை எடுக்கும் அம்மா. அதே கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது வேறு. "வீட்ல படகு இல்லாத பிள்ளைக்கு அன்னைக்கு என்ன கிடைச்சுது?"

அந்த வகுப்பில் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் உண்டு, டீக்கடைக்காரர் மகள் உண்டு, அப்பா வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உண்டு. கடலே தெரியாத பிள்ளை அந்தக் கணக்கை வேடிக்கைதான் பார்த்திருக்கும்.

ஒரே கதைக்கு இரண்டு அறையில் இரண்டு கேள்வி. கணக்கும் சட்டமும் மட்டும் தெரிந்தவர் முதல் கேள்வியோடு நின்றுவிடுவார். பி.எட். மட்டும் படித்தவருக்கு அந்தப் படகுக் கணக்குப் பலகைக்கு வந்தபோது அதில் என்ன இருக்கிறது என்று பிடிபட்டிருக்காது. இந்தச் சேர்க்கைப் படிப்பை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐந்து பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலுக்கு ஒப்பாவணம் எழுத வேண்டும். டீக்கடை, ஃபேன்சி ஸ்டோர், செல்போன் ரிப்பேர், படகு, தையல் கடை என்று வந்தது.

தையல் கடைக் குழுவில்தான் பெரிய சண்டை. ஒருத்தி மூன்று மெஷின் போடுகிறாள், இன்னொருத்திக்கு வெட்டத் தெரியும், பிளவுஸுக்கு நல்ல கை. லாபம் எப்படி? கடைசியில் மெஷின் போட்டவளுக்கு முதல் மீது வட்டி, வெட்டுகிறவளுக்கு மாத ஊதியம், மீதி சமம் என்று முடித்தார்கள். கடைக் காசை வீட்டுக்கு எடுத்தால் எடுப்புகள் மீது வட்டி என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார்கள். "அண்ணன் வந்து கேட்டா இவ எடுத்துக் குடுத்துடுவா மிஸ்" என்று விளக்கம்.

படகுக் குழு, மீன் கிடைக்காத நாளின் டீசல் செலவை யார் ஏற்பது என்று தனி உட்பிரிவே போட்டிருந்தது. ஆள் பங்கு வாங்குகிறவர்களுக்கு அதில் பொறுப்பு இல்லை, எனவே அவர்கள் கூட்டாளிகள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பிரிவு 6-ஐ அதன் பிறகுதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, சனி

புதுச்சேரியில் இன்று சட்டப்பூர்வ இணைப்பு நாள், 1962-இன் நினைவாக. விடுமுறை. தவளக்குப்பத்தில் வீட்டிலேயே இருந்தேன்.

பெரியம்மா வந்திருந்தார். "நாலு வருஷம் படிச்சா டீச்சர்தானே, அப்புறம் ஏன் எம்.காம்.?" நியாயமான கேள்வி. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் 11, 12 வகுப்புகளுக்குத்தான் உண்டு. அங்கே முதுகலை ஆசிரியராக எம்.காம். பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பத்தாம் வகுப்பு வரை என் பாடமே கிடையாது. இதைச் சேரும்போதே விளக்கிச் சொல்ல வேண்டும், பல பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள். பி.காம்., பி.எட். சேர நினைப்பவர்கள் எம்.காம்.முக்கும் சேர்த்து வீட்டில் பணம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"படிக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். பெரியம்மா அடுத்து கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

சிறு தேர்வு. ஒப்பாவணம் இல்லாத நிலை பற்றிய கணக்கைப் பெரும்பாலானவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். போட்ட முதலை மாற்றாமல் வைக்கும் நிலைமுதல் முறையும், வட்டி, ஊதியம் எல்லாம் அதிலேயே சேரும் மாறுபடும் முதல் முறையும் இன்னும் குழம்புகிறது. நிலைமுதல் முறையில் நடப்புக் கணக்கு தனியாக வரும் என்பதை மறந்து எல்லாவற்றையும் முதல் கணக்கிலேயே போட்டுவிடுகிறார்கள். அதற்கு இன்னொரு வகுப்பு வேண்டும். வழிகாட்டி ஆசிரியை வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பாடம் நற்பெயர், அதாவது ஒரு தொழில் சம்பாதித்த நல்ல பேருக்கு மதிப்புப் போடுவது. சராசரி லாப முறையில் தொடங்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை டீக்கடையிலிருந்து.