செவிலியர் கல்வி ஆய்வுகளை எண்ணும்போது எங்கே சறுக்கும்?

செவிலியர் கல்வியில் எந்தத் தலைப்பு வளர்கிறது, எது ஓய்ந்தது என்று பார்க்க ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களில் கட்டுரைப் பட்டியல் எடுப்பார்கள். சிக்கல் தேடுசொல்லிலேயே தொடங்கிவிடும். வெறும் 'நர்சிங்' என்று போட்டால் தாய்ப்பாலூட்டும் தாய்மார், முதியோர் இல்லம் பற்றிய கட்டுரைகளும் வந்து குவியும். 'நர்சிங் எஜுகேஷன்', 'நர்சிங் ஸ்டூடன்ட்' போன்ற தொடர்களை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களில் மட்டும் தேடுங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் பட்டியலோடு (ஒவ்வொரு கட்டுரையும் சுட்டும் பிற கட்டுரைகளின் பட்டியல்) இறக்கினால் ஒரு தடவைக்கு 500 பதிவுகள்தான். 3,200 இருந்தால் 7 கோப்புகள். ஒன்று விட்டுப்போனாலும் இந்தப் பதிவுகளிலிருந்து போடும் தலைப்பு வரைபடம் அழகாகவே வரும், அதுதான் ஆபத்து. இறக்கியதும் மொத்த எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. பாதி நேரம் இதற்கே போகும். 'நர்சிங் ஸ்டூடன்ட்', 'நர்சிங் ஸ்டூடன்ட்ஸ்', 'ஸ்டூடன்ட் நர்ஸ்' மூன்றும் விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் தனித்தனி வட்டங்களாக நிற்கும். பழைய சொல், மாற்றுச்சொல் என இரண்டு நெடுவரிசை கொண்ட தெசாரஸ் (சொல்மாற்றுப் பட்டியல்) கோப்பு கொடுத்தால் ஒன்றாகும். நம்மவர் பெயர்கள் இன்னொரு தலைவலி: இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் விரிந்து குடும்பப்பெயராக. ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்கிட் எண்ணை வைத்துச் சேருங்கள்.

தாக்கத்தை அளக்கும்போது 2010 கட்டுரையையும் 2023 கட்டுரையையும் மொத்த மேற்கோளால் (பிற கட்டுரைகள் அதைச் சுட்டிய எண்ணிக்கை) ஒப்பிடாதீர்கள்; ஆண்டுச் சராசரியாவது போடுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கானது, முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகள் பெற்ற சராசரி மேற்கோளைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதைத் தனிக் கட்டுரையின் தரமாக எழுதினால் கவனமான மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்புவார்.