பிள்ளையோடு போகும் பணமும் போகாத செலவும்

பாஸ்டனுக்கு அருகில் வசிக்கும் எங்கள் வீட்டில், 2016 நவம்பரில், அதிபர் தேர்தலைக் காட்டிலும் அதிகமாக வாதிடப்பட்டது வாக்குச்சீட்டில் இருந்த இரண்டாம் கேள்வி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுக்கு 12 சார்ட்டர் பள்ளிகள் வரை புதிதாகத் தொடங்கவோ, இருப்பவற்றை விரிவாக்கவோ அனுமதிக்கலாமா என்று அது கேட்டது. என் கணவர் ஆதரித்தார்; நான் எதிர்த்து வாக்களித்தேன். ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் மறுத்ததால் அந்த முன்மொழிவு தோற்றது.

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அன்று. அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் வாங்காதது, இடத்தைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்ப்பது. ஆனால் ஊரின் பள்ளிக் குழுவுக்குக் கட்டுப்படாமல் தன் சொந்த அறங்காவலர்களின் பொறுப்பில் இயங்குவது. 1988இல் இந்த எண்ணத்தை நாடறியப் பேசியவர் ஆசிரியர் சங்கத் தலைவரான ஆல்பர்ட் ஷேங்கர். ஆசிரியர்கள் புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் களமாக அவர் நினைத்தது, ஊரின் வழக்கமான அரசுப் பள்ளிகளோடு போட்டியிடும் அமைப்பாக வளர்ந்தபோது அவரே அதை எதிர்க்கலானார்.

பாஸ்டன் நகரச் சார்ட்டர் பள்ளிகள் நன்றாகவே கற்பிக்கின்றன. இதை மறுத்துவிட்டு எதிர்த்து வாக்களிப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) பொருளியலாளர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும், குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு, நகரப் பள்ளிகளில், குறிப்பாகக் கணிதத்தில், பெரிய முன்னேற்றத்தைக் கண்டார்கள். நகருக்கு வெளியே உள்ள சார்ட்டர் பள்ளிகளில் அந்தப் பலன் காணப்படவில்லை என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

என்னைத் தடுத்தது பணக் கணக்கு. ஒரு பிள்ளை சார்ட்டர் பள்ளிக்கு மாறினால், அந்தப் பிள்ளைக்கான தொகை, ஊருக்கு மாநிலம் தரும் நிதியிலிருந்து கழிக்கப்பட்டு அங்கே செல்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஓர் ஊரின் பள்ளிகளிலிருந்து விலகும் 50 பிள்ளைகள் ஒரே வகுப்பிலிருந்து விலகுவதில்லை. இந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இருவர், அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் ஒருவர் என்று சிதறிப் போகிறார்கள். அதனால் எந்த வகுப்பையும் மூட முடியாது, எந்த ஆசிரியரையும் குறைக்க முடியாது. பேருந்து அதே தெருக்களில்தான் ஓட வேண்டும், சனவரிக் குளிரில் அதே கட்டடத்தைத்தான் சூடாக்க வேண்டும். எங்கள் ஊரின் வரவு செலவுக் கூட்டம் ஒன்றில், நூலகர் பணியிடத்தைப் பாதியாக்குவது பற்றி இரவு பத்து மணி வரை பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல காரணங்களுள் ஒன்றாக இந்த நிதிக் கழிப்பும் அன்று பேசப்பட்டது.

இதை அறியாமல் சட்டம் செய்துவிடவில்லை. கழியும் தொகை கூடும்போது, முதல் ஆண்டில் அந்த உயர்வு முழுவதையும், அடுத்த ஐந்து ஆண்டுகளில் 25 விழுக்காட்டையும் மாநிலம் ஊருக்கு ஈடுசெய்யும் என்று அப்போதைய விதி சொன்னது. ஆனால் சட்டமன்றம் பல ஆண்டுகள் அதற்கான தொகையை முழுமையாக ஒதுக்கவில்லை. மாநிலம் கொடுத்துக் காப்பாற்றாத அதே வாக்கின் பேரில், மேலும் பள்ளிகளைத் திறக்க அந்த முன்மொழிவு அனுமதி கேட்டது. நான் மறுத்ததற்கு அதுவே காரணம். ஆதரவுப் பரப்புரைக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை மறைத்ததற்காக ஓர் அமைப்பு 2017இல் 4 லட்சம் டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது என் ஐயத்தைப் பின்னர் உறுதிசெய்தது. ஆனால் வாக்களித்த நாளில் அது எனக்குத் தெரியாது.

2019இல் நிறைவேறிய மாணவர் வாய்ப்புச் சட்டம் இந்த ஈட்டை முதல் ஆண்டில் 100, அடுத்து 60, அதன்பின் 40 விழுக்காடு என்று மூன்றாண்டுகளுக்குள் அடக்கி, முழுத் தொகையையும் படிப்படியாக வழங்க மாநிலத்தைக் கடமைப்படுத்தியது. இந்த ஏற்பாடு 2016இலேயே நடைமுறையில் இருந்திருந்தால், நான் என் கணவரோடு சேர்ந்து வாக்களித்திருக்கக்கூடும்.

பாஸ்டனில் இருக்கும் என் தோழியின் மூத்த மகன் குலுக்கலில் இடம் பெற்றான், அடுத்தவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய பெயர் இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் காலையில் வெவ்வேறு பேருந்துகளுக்காக ஒரே நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அவர்களுடைய தாயிடம் என் வாக்கைப் பற்றி நான் இன்றுவரை சொன்னதில்லை.