11.3 இலிருந்து 112க்கு: எங்கள் வீட்டு லான் கேபிள்

நேற்றுப் பின்னேரம் ஏழு மணி இருக்கும். தம்பி தன் அறையிலிருந்து கத்தினான்: “அண்ணா, 112 காட்டுது!” கேபிள் முனையில் பிளக் அடிக்கும் கிரிம்பிங் டூலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கொப்பி ஆகும் பெட்டியில் பச்சைக் கோடு மேலே ஏறி, விழாமல் அங்கேயே நின்றது. விநாடிக்கு 112 மெகாபைட். மூன்று வாரமாக 11.3ஐ நிலையாகத் தாண்டாத இணைப்பு இது.

தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். ஒரு கல்யாணம் முடிந்தால் 180 கிகாபைட் வந்து நிற்கும். அவனுடைய விண்டோஸ் 11 மெஷினிலிருந்து என் அறையிலுள்ள, உபுண்டு லினக்ஸ் ஓடும் பழைய டெஸ்க்டொப்புக்கு அதை அனுப்ப நாலரை மணித்தியாலம் போனது. இப்போது அரை மணித்தியாலம்கூட இல்லை. வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம், மூன்றாம் மாடி. அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே நாலு கொங்கிரீட் சுவர். வை-ஃபையில் வட்ஸ்அப் ஓடும், கல்யாண வீடியோ ஓடாது. அதனால்தான் கேபிள்.

லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸில் திறக்க வைக்கும் மென்பொருள் சம்பா. அதில் ஃபோல்டர் ஷெயார் செய்வது எப்படி என்று எழுதி நேரம் போக்கவில்லை. அந்தப் பக்கம் இரண்டு இடத்தில்தான் மினக்கெட்டேன்.

முதலாவது, இரண்டாவது ரவுட்டர். ஃபைபர் ரவுட்டர் ஹோலில் இருக்கிறது. தம்பியின் அறையில் வை-ஃபை கிடைக்கட்டும் என்று ஒரு பழைய ரவுட்டரை வைத்து, அதன் வான் போர்ட்டில், அதாவது இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்டில், கேபிளைச் சொருகியிருந்தோம். இன்டர்நெட் வந்தது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் உள்ளே இரண்டு நெட்வொர்க் ஆகிவிட்டது: நான் 192.168.1 வரிசையில், அவன் 192.168.0 வரிசையில். அவன் என் மெஷினின் ஐபி முகவரியை அடித்தால் என் மெஷின் திறக்கும். நான் அவனுடையதைத் திறக்க முடியாது. நெட்வொர்க் பட்டியலில் ஒருவரை ஒருவர் காணவும் மாட்டோம். பழைய ரவுட்டருக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, மெஷின்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை வான் போர்ட்டிலிருந்து வீட்டு மெஷின்களுக்கான லான் போர்ட்டுக்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை.

இரண்டாவது, விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட். அதன் புரோ பதிப்பில் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் ஷெயாரை அது திறக்க விடாது. இணையத்தில் பலர் விண்டோஸின் உள் செட்டிங்கான ரெஜிஸ்ட்ரியை மாற்றிப் பழையபடி ஆக்கச் சொல்கிறார்கள். செய்ய வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது, விண்டோஸ் ஷெயார் பேசும் மொழியான எஸ்எம்பியின் பழைய முதலாம் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். இந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடுவதற்குக் காரணம் இருக்கிறது. சம்பாவில் தம்பிக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டேன், முடிந்தது.

சம்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கன்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கையேடு எதுவும் இல்லாமல், வயரில் போகும் தரவுத் துண்டுகளை (பாக்கெட்) பார்த்துப் பார்த்தே எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. முதல் வெளியீடு 1992இல். இன்று என் அறை டெஸ்க்டொப்பில் ஓடுவது அதன் தொடர்ச்சி. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் செய்த பிறகும் 11.3தான். பழைய ரவுட்டரின் போர்ட்கள் 100 மெகாபிட் என்று கண்டு, பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கி, தம்பியின் மெஷினை அதில் கொடுத்து, ரவுட்டரை அதன் பின்னால் தள்ளினேன். அதே 11.3. டிஸ்க்கை மாற்றிப் பார்த்தேன், வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தேன், சம்பா செட்டிங் கோப்பில் இணையத்தில் கண்ட எல்லா வரிகளையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த வரிகளை யாரும் நம்ப வேண்டாம், ஒன்றும் உதவவில்லை.

பதில் அந்த எண்ணிலேயே இருந்தது. எட்டு பிட் ஒரு பைட், ஆகவே 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். வழிச்செலவு போக 11 சொச்சம். டிஸ்க் மெதுவென்றால் வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. 11க்கும் 12க்கும் நடுவே ஆடாமல் நின்றால் செட்டிங்கை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு எட்டு வயரில் நாலு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒரு வயர் செத்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 100க்கு இறங்கிவிடும். எங்கேயும் பிழைச் செய்தி வராது. இன்டர்நெட்டும் வழக்கம்போல் ஓடும்.

ஹோலிலிருந்து தம்பியின் அறைக்குப் போகும் கேபிள் நாங்கள் குடிவந்தபோது ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு வயருக்கும் ஒரு விளக்கு எரியும் டெஸ்டரை மாட்டினேன். 1, 2, 3, 4, 5, 6, 8. ஏழாவது விளக்கு எரியவில்லை. பிளக்கை வெட்டிப் புதிதாக அடித்தேன், எட்டும் எரிந்தது, வேகமும் வந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் 11.3. அப்போதுதான் வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறம் தோலாக உரிந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம். நாலு தரம் இப்படியும் அப்படியும் மடித்தேன், ஒடிந்தது. கதவு மூலையில் மடித்துவிட்ட இடத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று விளங்கியது. வெளியில் பார்க்க நல்ல கேபிள்தான், அசல் கேட்டகரி 5ஈ என்று கேபிளின் தரத்தை எழுதியும் இருக்கிறது. ஆகவே கடையில் அளந்து வெட்டும்போதே ஒரு வயரைச் சுரண்டிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மூன்று கடை ஏறி இறங்கி, முழுச் செம்புக் கேட்டகரி 6 கேபிள் 18 மீட்டர் வாங்கினேன். கேட்டகரி 6 பிளக்கையும் சேர்த்து வாங்குங்கள். இதன் வயர் கொஞ்சம் தடிப்பு, வீட்டிலிருக்கும் 5ஈ பிளக்கின் குழிக்குள் முழுதாக இறங்காது. நான் முதல் நாள் ஆறு பிளக்கை வீணாக்கியது அதனால்தான்.

கிரிம்பிங்கில் எனக்குக் கைவந்த முறை இது. வெளித்தோலை இரண்டு அங்குலம் உரித்து, முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு வயரையும் ஸ்குரூட்ரைவர் தண்டில் வைத்து இழுத்து நேராக்க வேண்டும். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். எட்டையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தட்டையாகப் பிடித்து, விடாமல், நகம் அளவு நீளம் மட்டும் மிஞ்ச ஒரே வெட்டு. பிறகு பிளக்கைப் போர்ட்டில் பூட்டும் முளை கீழே இருக்கும்படி பிடித்துத் தள்ள வேண்டும். இங்கேதான் எல்லாம் தங்கியிருக்கிறது: டூலை அழுத்துவதற்கு முன் பிளக்கின் மூக்கை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி முனையில் எட்டுச் செம்புப் பொட்டுகள் ஒரே கோட்டில் மின்ன வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் பிந்தியது ஓரத்து மண்ணிறம். மற்ற ஏழும் முனையைத் தொட்டு நிற்க, அது ஒரு நெல் அளவு உள்ளே நின்றுவிடும். அப்படியே அழுத்தினால் டெஸ்டரில் எட்டாவது விளக்கு மினுங்கி மினுங்கி எரியும். மினுங்கும் விளக்கை எரியும் விளக்காகக் கணக்கெடுக்காதீர்கள். வெளித்தோலும் பிளக்குக்குள் போய் அதிலுள்ள கவ்வியில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேபிளை இழுக்கும் பாரம் முழுவதும் வயரில் விழும்.

நேற்று அடித்தது பதினோராவது பிளக். பொட்டு எட்டும் மின்னியது. சுவிட்சில் மஞ்சள் விளக்கு பச்சையானது. பிறகுதான் அந்த 112.

அடுத்த முறை பாஸ்-த்ரூ பிளக் வாங்கப் போகிறேன். வயர் முனைகள் மூக்கைத் தாண்டி வெளியே வரும், நிறத்தை அங்கேயே சரிபார்க்கலாம், டூலே வெட்டிவிடும். அதற்கு வேறு டூல் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்க வேண்டும்.

இடையில் இன்னொன்று. போன மாதம் மூன்று நாள் ஃபைபர் இல்லை. தம்பிக்கு அவசர அப்லோட் இருந்ததால் அவனுடைய மெஷினில் போனை யூஎஸ்பியில் மாட்டி, விண்டோஸின் இன்டர்நெட் பகிர்வைப் போட்டோம். இன்டர்நெட் வந்தது, ஷெயார் காணாமல் போனது. அந்தப் பகிர்வு தன் மெஷினை 192.168.137.1 ஆக்கி, மற்றவற்றுக்கும் அதே வரிசையில் முகவரி கொடுக்கும். என் உபுண்டுவோ 192.168.1.10 என்று ஊன்றி நிற்கிறது. அதே நெட்வொர்க் கார்டுக்கு 192.168.137.10 என்று இரண்டாவது முகவரியையும் சேர்த்துக் கொடுத்தேன், இரண்டு வரிசையும் வேலை செய்தது. அந்த நாட்களுக்கு ஃபைபர் ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்த மறக்க வேண்டாம், இரண்டும் முகவரி கொடுக்கத் தொடங்கினால் யார் எங்கே என்று தெரியாது.

2022இல் கரண்ட் மணிக்கணக்கில் போன காலத்தில் வாங்கிய 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் இன்னும் ஃபைபர் ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறது. சுவிட்சுக்கு 5 வோல்ட், அதற்கு வேறு ஒன்று பார்க்க வேண்டும். ஐப்பசி இடிக்கு முன் வாங்கினால் நல்லது. ஃபைபர் கண்ணாடி, மின்னலைக் கொண்டுவராது. கரண்ட் லைன் கொண்டுவரும்.

கேபிள் இப்போது விறாந்தை ஓரமாகத் தரையில்தான் கிடக்கிறது. அம்மா இரண்டு தரம் தடுக்கிவிட்டார். சனிக்கிழமை கேசிங் அடிக்க வேண்டும், மூலையில் இந்த முறை ஒடிய மடிக்காமல் வளைத்துத்தான் விடுவேன். அம்மாவின் அறை டிவிக்கு ஒரு கிளை இழுப்பதா, அவர் அறையிலும் ஒரு சுவிட்ச் வைப்பதா என்று தம்பியும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. 18 மீட்டரில் மிச்சம் நாலரை மீட்டர் இருக்கிறது. அது டிவி வரைக்கும் எட்டுமா என்று நாளைக்கு அளந்து பார்க்கிறேன்.